கரிசல் நிலமும் இலத்தீன் வேர்ச்சொற்களும்

மரத்தின் உயர்வைக் கண்டு வியப்போர் பலர். அதன் வேரை எண்ணுவோர் மிகச் சிலர். சொல்லும் அத்தகையதே. நாவில் எளிதாகப் புரளும் ஒரு சொல் எந்நிலத்தில் முளைத்தது, எந்நீரைப் பருகி வளர்ந்தது, எவரெவர் கைமாறி நம்மிடம் வந்து சேர்ந்தது என்று ஆராய நமக்குப் பொழுதும் இல்லை, பொறுமையும் இல்லை. இக்கல்லூரிக்கு வரும் வரையில் யாமும் அங்ஙனமே இருந்தோம். எமது எண்ணம் மாறிய வரலாற்றையே ஈண்டு எழுதத் துணிந்தோம். நேயர்கள் பிழை பொறுப்பார்களாக.

எமது ஊர், அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட கரிசற்காட்டில் உள்ளதொரு சிற்றூர். அது வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்யுமாயின் கம்பும் சோளமும் பருத்தியும் மல்லியும் விளையும்; பெய்யாதாயின் சீமைக் கருவேலே எங்கும் செழித்து நிற்கும். திருச்சுழியின் அருகே செல்லும் குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். இத்தகைய ஊரில் பிறந்த பிள்ளைகளுக்கு ஆங்கிலம் என்பது ஒரு பெரிய மதில். மதிலுக்கு அப்பால் உத்தியோகமும் பட்டணமும் உள்ளன என்று கேள்விப்படுவோம்; ஆனால் வாயில் எங்குளது என்று காட்டுவார் அரியர். சொற்களையும் பொருள்களையும் நெட்டுருச் செய்து, தேர்வன்று எழுதி, மறுநாள் மறப்பதே எமக்குத் தெரிந்த வழியாக இருந்தது.

எம் அண்ணனுக்கு அவ்வழியும் உதவவில்லை. பத்தாம் வகுப்பில் மற்றைப் பாடங்கள் யாவற்றிலும் தேறியவர், ஆங்கிலம் ஒன்றில் இருமுறை தவறினார். மூன்றாம் முறை எழுத மனம் வரவில்லை. அருப்புக்கோட்டையில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அவரது கூலியில் ஒரு பங்கே எமது விடுதிக் கட்டணமாக மாதந்தோறும் வருகின்றது. ஆதலின், ஆங்கில வகுப்பில் யாம் அமரும்போதெல்லாம் எமக்கு அருகே இன்னொருவரும் அமர்ந்திருப்பதாகவே தோன்றும்.

தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவராயினும் இரண்டாம் பகுதியாக ஆங்கிலமும் பயிலுதல் வேண்டும். முதலாண்டில் எமது ஆங்கிலப் பேராசிரியர் ஒருநாள், பாடநூலை மூடி வைத்துவிட்டு, கரும்பலகையில் ‘மேனுஸ்கிரிப்ட்’ என்னும் சொல்லை எழுதினார். நடுவில் ஒரு கோடிட்டு அதனை இரண்டாகப் பிளந்தார். ‘மானுஸ்’ என்பது இலத்தீன் மொழியில் கை. ‘ஸ்கிரிபெரே’ என்பது எழுதுதல். ஆகவே கையால் எழுதப்பெற்றது, கையெழுத்துப் படி. முன் எழுதித் தருவது பிரிஸ்கிரிப்ஷன். கல்லின்மேல் எழுதுவது இன்ஸ்கிரிப்ஷன். பின்னர் ‘ஸ்பெசெரே’ என்னும் வேரை எடுத்தார். அது நோக்குதல் எனப் பொருள்படும். ‘இன்’ என்பது உள். ஆகவே உள்ளே நோக்குபவர் இன்ஸ்பெக்டர். எம் ஊரில் எழுத்தறியாத பாட்டியார்களும் அஞ்சும் அச்சொல்லின் உட்பொருள் அன்றே எமக்கு விளங்கிற்று.

இது எமக்கு முற்றும் புதிய வித்தையன்று. பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் எனப் பகுபத உறுப்புகள் ஆறென நன்னூலார் வகுத்தமையை யாம் முன்னரே பயின்றிருந்தோம். தமிழில் பகுதி முன்னிற்க, விகுதி இறுதியில் வரும். இலத்தீனிலோ பகுதிக்கு முன்னரும் ஓர் உறுப்பு வந்து ஒட்டும். வேற்றுமை இவ்வளவே. ‘நடந்தனன்’ என்பதைப் பிரிக்கக் கற்ற கைக்கு ‘இன்ஸ்பெக்டர்’ என்பதைப் பிரித்தல் அரிதாகுமோ? ஆங்கிலத்தை வெல்லும் கருவி தமிழிலக்கண வகுப்பிலேயே எமது கையில் தரப்பட்டிருந்தது; யாமே அறிந்திலோம்.

உரோமானியரின் மொழி ஆங்கிலரின் நாட்டில் இத்துணைப் பரவியது எவ்வாறு என வினவலாம். கி.பி. 597 இல் அகஸ்தீன் என்னும் துறவியார் கென்ட் நாட்டில் இறங்கிக் கிறிஸ்தவ சமயத்தைப் போதித்தார். அவரோடு திருச்சபையின் இலத்தீனும் இறங்கிற்று. 1066 இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபோது, இலத்தீனின் மகளாகிய பிரெஞ்சு மொழி அரசவையிலும் வழக்கு மன்றத்திலும் அமர்ந்தது. பின்னர் மறுமலர்ச்சிக் காலத்தில் கற்றோர் இலத்தீன் நூல்களிலிருந்து சொற்களை நேரே எடுத்தாண்டனர். ஆகவே கையால் உழைப்போர் வழங்கும் சொற்கள் பல ஆங்கிலரின் பழஞ்சொற்களாகவே நிற்க, நூலோரும் அலுவலரும் வழங்கும் சொற்களிற் பெரும்பகுதி இலத்தீன் வழியினவாயின. சிற்றூர்ப் பிள்ளைகள் அஞ்சுவது இப்பின்னவற்றைக் கண்டே.

ஆனால் அவ்வேர்களைத் தோண்டிப் பார்த்தபோது யாம் கண்டது அரசவையன்று. எமது ஊரையே கண்டோம்.

முதலாவது, நீர். பகைவன், போட்டியாளன் என்னும் பொருளில் ‘ரைவல்’ என்றொரு சொல் உண்டு. இதன் வேர் ‘ரீவுஸ்’. அதற்கு ஓடை என்பது பொருள். ஒரே ஓடையிலிருந்து நீர் பாய்ச்சுவோரை ‘ரீவாலிஸ்’ என்றனர். கி.பி. 533 இல் ஜஸ்டினியன் பேரரசர் வெளியிட்ட சட்டத் தொகுப்பிலும் அச்சொல் இப்பொருளிலேயே ஆளப்பட்டுள்ளது. ஒரே நீரைப் பங்கிடுவோர்க்குள்தானே பூசல் விளையும்! பேராசிரியர் இதனைக் கூறியபோது வகுப்பில் நகைப்பொலி எழுந்தது. எமக்கு நகைப்பு வரவில்லை.

காரணம் உண்டு. யாம் ஏழாம் வகுப்புப் பயின்றபோது மழை பொய்த்த ஓராண்டில், கண்மாயில் அரைக்கால் நீரே நின்றது. இரவு முறைத் தண்ணீர் யாருடையது என்பது குறித்து மடையருகே எம் தந்தையாருக்கும் பெரியப்பாவுக்கும் சொல் முற்றியது. அன்று முதல் இருவரும் பேசுவதில்லை. ஞாயிறுதோறும் ஒரே ஆலயத்திற்குச் சென்று, ஒருவர் வலப்புறத்திலும் ஒருவர் இடப்புறத்திலுமாக அமர்வர். ஒரே ஜெபத்தைச் சொல்லி, வெவ்வேறு வாயில் வழியே வெளியேறுவர். நடுவில் அமர்ந்து எப்பக்கம் பார்ப்பது என்று அறியாமல் தவித்த பிள்ளைகள் யாமும் எம் பெரியப்பா மக்களும். ‘ரைவல்’ என்னும் சொல்லுக்கு எமக்கு அகராதி வேண்டுவதில்லை.

விடுமுறையில் இதனைத் தந்தையாரிடம் கூறினோம். அவர் சற்று நேரம் வாளா இருந்தார். பின்பு, “அந்த ஊரிலும் மழை குறைவு போலும்” என்று மட்டும் சொல்லி எழுந்து சென்றார்.

அதே ‘ரீவுஸ்’ என்னும் வேரினின்றும் ‘டெரிவேஷன்’ என்னும் சொல்லும் பிறந்தது. ஓடையினின்றும் வாய்க்கால் வெட்டி நீரைப் பிரித்து எடுத்துச் செல்லுதலே அதன் முதற்பொருள். ஒரு சொல்லிலிருந்து மற்றொரு சொல் பிறத்தலையும் ஆங்கிலத்தில் அப்பெயரால் வழங்குகின்றனர். ஓர் ஓடையே பூசலுக்கும் பெயரளித்தது, பகிர்தலுக்கும் பெயரளித்தது. இதனை எண்ணுந்தோறும் எமக்கு வியப்பு நீங்குவதில்லை.

இரண்டாவது, ஏர். இன்று எம் ஊரில் பெரும்பாலும் டிராக்டரே உழுகின்றது. எனினும் மாடு பூட்டி உழுத நாள்களைப் பற்றி எம் பாட்டனார் ஓயாது பேசுவார். சால் கோணாமல் உழுபவனே உழவன் என்பது அவர் துணிபு. இலத்தீனில் உழவுசாலை ‘லீரா’ என்பர். அதனின்றும் விலகுதல் ‘டெலிரியம்’. காய்ச்சல் மிகுந்து நோயாளி பிதற்றும் நிலையை மருத்துவர் இச்சொல்லாற் குறிக்கின்றனர். மனமாகிய மாடு சால் தப்பிச் செல்லுதல் என்க. பாட்டனாரிடம் இதனைக் கூறியபோது, தம்மிடம் உழவு பழகிய ஒருவரே அச்சொல்லை ஆக்கியிருத்தல் வேண்டும் என்றார்.

உழுகின்றவன் வயலின் எல்லையை அடைந்ததும் மாட்டைத் திருப்பி அடுத்த சாலைத் தொடங்குகிறான். திருப்புதல், ‘வெர்த்தெரே’. அங்ஙனம் திருப்பி உழுத சாலை ‘வெர்சுஸ்’ என்றனர். பின்பு எழுத்தின் வரிக்கும் செய்யுளின் அடிக்கும் அதுவே பெயராயிற்று. ஆங்கிலத்தில் செய்யுளை ‘வெர்ஸ்’ என்பதன் காரணம் இதுவே. மனந்திரும்புதலைக் குறிக்கும் ‘கன்வெர்ட்’ என்பதும் இவ்வேரினது. ஆலயத்தில் யாம் நாள்தோறும் கேட்கும் தமிழ்ச் சொல்லும் அதே உருவகத்தைக் கொண்டிருத்தலை நேயர்கள் உணர்வார்கள். ‘யூனிவர்சிட்டி’ என்பதும் ஒன்றாகத் திருப்பப்பட்டது என்னும் கருத்தினின்றே தோன்றியது. நீர் சுழன்று திரும்பும் இடமாகிய ‘வார்டெக்ஸ்’ என்பதும் இதன் கிளையே. வார்டெக்ஸ் என்பது தமிழில் சுழி அன்றோ? ஊழிவெள்ளம் சுழித்து நிலத்துள் இறங்கிய இடம் திருச்சுழி எனத் தலபுராணம் கூறும். சுந்தரர் தேவாரம் பெற்றதும், 1879 இல் இரமண மகரிஷி பிறந்ததும் அவ்வூரே. அவ்வூர்ப் பேருந்து நிலையத்தில் இறங்கும் ஒரு மாணவன், பல்கலைக்கழகம் என்பதன் ஆங்கிலப் பெயரும் தன் ஊர்ப் பெயரும் ஒரு கருத்தின் இரு பிள்ளைகள் என அறிவானாயின், அப்பெயரைக் கண்டு இனி அஞ்சுவானோ?

இலத்தீன், ஆங்கிலத்தின் வழியாக மட்டுமே நம்மிடம் வந்ததென்று எண்ணற்க. 1498 இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்தபின், போர்த்துக்கீசியர் வாயிலாக அதன் சொற்கள் பல நம் வீட்டினுள்ளேயே புகுந்துவிட்டன. மேசை என்பது ‘மேன்சா’. சாவி என்பது ‘கிளாவிஸ்’. பறவையின் இறகைக் குறித்த ‘பென்னா’ நமக்குப் பேனாவாயிற்று. வாயிலைக் குறித்த ‘யானுவா’ என்பதன் வழித்தோன்றல் ஜன்னல். ஆசிரியரைக் குறித்த ‘மாகிஸ்தெர்’ ஆங்கிலத்தில் மாஸ்டராயும், தமிழில் கொத்தனார்களை மேற்பார்க்கும் மேஸ்திரியாயும் இரு வேலை பார்க்கின்றது. பாஸ்டர் என்று எம் ஊரார் அழைக்கும் போதகரின் பெயரும் இலத்தீனே. மேய்ப்பன் என்பது அதன் பொருள். அறுவடை முடிந்த புஞ்சையில் ஆட்டுக்கிடை போட்டு இரவெல்லாம் விழித்திருக்கும் கீதாரியை அறிந்த எமக்கு அப்பெயரின் பொறுப்பு நன்கு விளங்குகின்றது. அன்னையார் இடுப்பில் செருகியிருக்கும் சாவியே இலத்தீன் என்று தெரிந்தபின், அம்மொழியை அந்நியம் என்று எவ்வாறு கூறுவோம்?

நாம் பெற்றதோடு கொடுத்ததும் உண்டு. எமது கரிசலின் மற்றொரு புறத்தில், கோவில்பட்டிக்கு அண்மையிலுள்ள காமநாயக்கன்பட்டியில் தொண்டு செய்தவர் வீரமாமுனிவர். இத்தாலி நாட்டில் 1680 இல் பிறந்த அப்பெரியார், 1732 இல் சதுரகராதியைத் தொகுத்தார். கொடுந்தமிழுக்கு இலத்தீனில் இலக்கணம் வகுத்தார். அது 1738 இல் தரங்கம்பாடியில் அச்சேறிற்று. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தவரும் அவரே. கரிசலுக்கும் இலத்தீனுக்கும் உள்ள உறவு நேற்றுத் தோன்றியதன்று.

மூன்றாவது, தறி. இதனை எழுதவே இக்கட்டுரையைத் தொடங்கினோம்.

சென்ற விடுமுறையில் எமது வேர்ச்சொற் குறிப்பேட்டை வீட்டிற்கு எடுத்துச் சென்றிருந்தோம். இரவு வேலை முடிந்து வந்த அண்ணன், உறங்குமுன் அதனை வாங்கிப் புரட்டினார். ஆங்கிலப் புத்தகம் என்றாலே முகம் திருப்பும் அவர், ஒரு பக்கத்தில் விரலை வைத்து நின்றார்.

“தம்பி, இது எங்கள் கூடத்துப் பெயர்ப்பலகையில் உள்ள சொல் அல்லவா?”

டெக்ஸ்டைல்ஸ் என்னும் சொல் அது. ‘தெக்ஸெரே’ என்னும் இலத்தீன் வினைக்கு நெய்தல் என்று பொருள். நெய்யப்பட்டது டெக்ஸ்டைல், நெசவின் தன்மை டெக்ஸ்சர். அடுத்த வரியில் ‘டெக்ஸ்ட்’ என்று எழுதியிருந்தோம். அதுவும் நெய்யப்பட்டதே, சொற்களால் நெய்யப்பட்டது. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த குயின்டிலியன் என்னும் உரோமானிய ஆசிரியர் உரைநடையின் அமைப்பை இச்சொல்லாற் குறித்தார்.

“எழுதுவதையும் நெய்வதையும் ஒன்றாகவா எண்ணினார்கள்?” என்று அண்ணன் வினவினார்.

“நம்மவர்களும் அவ்வாறே எண்ணினார்கள், அண்ணா” என்றோம். நூல் என்னும் ஒரு சொல்லே இழைக்கும் ஏட்டுக்கும் பெயராவதைச் சுட்டினோம். நன்னூலார் சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் மகளாகவும், வாயைக் கையாகவும், அறிவைக் கதிராகவும் உவமித்தமையை எடுத்துரைத்தோம். செய்யுளும் பா, தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளும் பா. பாவு என்று தாம் நாள்தோறும் கூறும் சொல் இலக்கண நூலிலும் உண்டென்பதை அவர் அன்றுவரை அறியார்.

பின்னர் அவர் கேட்க, யாம் கூறிக்கொண்டே சென்றோம். ஆளிச்செடியின் இழையைக் குறித்த ‘லீனும்’ என்பதிலிருந்து ‘லைன்’ என்னும் கோடு வந்தது. ‘தேலா’ என்பது தறியில் நெய்யும் துணி. நுண்ணிய இழையைக் குறித்த ‘சுப்தீலிஸ்’ என்பது அதன் வழியது. நுட்பம் எனப் பொருள்படும் ‘சட்டில்’ என்னும் ஆங்கிலச் சொல் அதனின்றும் பிறந்தது. ‘கான்டெக்ஸ்ட்’ என்பது ஒருங்கே நெய்தல். ஒரு சொல்லை அதன் முன்னும் பின்னும் உள்ளவற்றோடு சேர்த்துப் பொருள் கொள்ளும் இடம்.

அதனைக் கேட்டதும் அண்ணன், “பாவில் ஓர் இழை அறுந்தால், தறியை நிறுத்தி அந்த இடத்திலேயே முடி போடவேண்டும். விட்டுவிட்டால் ஊடை எத்தனை நன்றாக ஓடினாலும் துணியில் கோடு விழும். தனி இழைக்கு என்ன மதிப்பு? துணியில் சேர்ந்தால்தான் அதற்கு மதிப்பு. சொல்லும் அப்படித்தானே?” என்றார்.

வகுப்பில் ஒரு மணி நேரம் கேட்டும் எமக்கு முற்றும் விளங்காத பொருள் அது. அண்ணனுக்கு ஒரு நொடியில் விளங்கிற்று. அவர் கை அதனை முன்பே அறிந்திருந்தது. அவர் குறிப்பேட்டை மூடி, சற்றுத் தாழ்ந்த குரலில், “டெக்ஸ்ட் புத்தகத்தை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். அது நெய்த துணி என்று ஒருவரும் சொல்லவில்லை, தம்பி” என்றார்.

அதற்கு யாம் மறுமொழி கூறவில்லை; கூறுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அவர் கூலியில் யாம் பெற்ற கல்வி, அவருக்கு உரிய காலத்தில் கிட்டியிருக்குமாயின், தறியருகே நிற்பவர் எவராயிருப்பார் என்னும் எண்ணம் அன்றிரவு எம்மை உறங்கவிடவில்லை.

வேரறிதலின் பயனைக் கூறிய யாம் அதன் எல்லையையும் கூறக் கடமைப்பட்டுள்ளோம். வேர், சொல்லின் பிறப்பைக் காட்டுமேயன்றி, அதன் வாழ்வு முழுவதையும் காட்டாது. இன்று பந்தாட்டத்தில் ‘ரைவல்’ என்போர் எவ்வோடையையும் பங்கிடுவதில்லை. வழக்கே இறுதிச் சான்று. மேலும் ஒலி ஒத்தன எல்லாம் உறவாகா. ஆங்கிலத்து ‘ஒன்’ என்பதும் தமிழ் ‘ஒன்று’ என்பதும் செவிக்கு ஒத்திருப்பினும், முன்னது இலத்தீன் ‘ஊனுஸ்’ என்பதற்கு உறவு. பின்னது திராவிட மொழிக் குடும்பத்தது. சான்றின்றி வேர் காண்போர் சால் தப்பி உழுவோராவர்.

இவ்வாண்டு ஐப்பசியில் மழை ஓரளவு பெய்தது. கண்மாய் பாதி நிறைந்தது. தந்தையார் எம்மை அழைத்து, “நாளை இரவு முறையைப் பெரியப்பாவே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு வா” என்றார். இதனை வேர்ச்சொல்லின் வெற்றி என யாம் கூறத் துணியோம். பெய்த மழையின் செயலே அது. ஆயினும், பெரியப்பா வீட்டு வாயிலில் நின்று அச்செய்தியைக் கூறியபோது, டெரிவேஷன் என்னும் சொல்லின் முதற்பொருள் எம் நினைவிற்கு வந்ததை மறைக்கவும் மாட்டோம்.

கல்லூரிக்குத் திரும்பும் நாளில் அண்ணன் எமது குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எம் தங்கை ஒன்பதாம் வகுப்புப் பயில்கின்றாள். மாலைதோறும் ஒரு வேரை அவளுக்குச் சொல்லித் தருவது அவரது திட்டம். அண்மையில் சென்று பார்த்தபோது, எமது எழுத்துக்கு எதிரே அவரது எழுத்தும் இருந்தது. ‘தெக்ஸெரே’ என்பதன் அருகே பாவு, ஊடை, நாடா, அச்சு, விழுது எனத் தறிச்சொற்களை வரிசையாக எழுதியிருந்தார். அவற்றுள் இரண்டின் பொருள் எமக்குத் தெரியவில்லை, அவரிடமே கேட்டறிந்தோம்.

அன்புடைய மாணவ நண்பர்களே! நம்மிற் பலர் இத்தகைய சிற்றூர்களிலிருந்து வந்தோம். விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, நாம் கற்ற சொற்களால் பிறரை மருட்டாது, அவற்றின் வேரைக் காட்டி அச்சம் போக்குவோமாக. நாளொன்றுக்கு ஒரு வேர், ஒரு பிள்ளைக்குக் கூறினும் போதும். கல்வி கண்மாய் நீர் போன்றது. ஒருவர் வயலுக்கு மட்டும் உரியதன்று. நம் முறை வந்து நாம் பாய்ச்சிக்கொண்டோம். அடுத்த வயலுக்கு மடையைத் திறந்துவிடுதல் நம் கடன்.